முடிச்சு எங்கே விழுகிறது: ஆங்கில இணைப்புச் சொற்களும் அவற்றின் வகைகளும்

சாலையோரப் பலகைகளில் அடிக்கடி கண்ணில் படும் ஓர் ஆங்கில வாசகம், ‘டோன்ட் டிரிங்க் அண்ட் டிரைவ்’. நான்கே சொற்கள். ‘அண்ட்’ என்றால் ‘உம்’ என்று பள்ளியில் படித்ததை நம்பி இதைத் தமிழாக்கினால், ‘குடிக்கவும் ஓட்டவும் கூடாது’ என்று வரும். குடியையும் விட வேண்டும், வண்டியையும் விற்றுவிட வேண்டும் என்று பொருள். பலகை அவ்வளவு கடுமையாக எதையும் கேட்கவில்லை. ‘குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்’ என்பதுதான் அது சொல்ல வந்தது. இந்தத் தமிழ் வாக்கியத்தில் ‘அண்ட்’ எங்கே என்று தேடினால் கிடைக்காது. ‘குடித்துவிட்டு’ என்ற வினையெச்சத்துக்குள் அது கரைந்துபோயிருக்கிறது.

ஆங்கில இணைப்புச் சொற்களில் நாம் தடுமாறுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் இணைப்பு என்பது தனியாக நிற்கும் ஒரு சொல்லின் வேலை. தமிழில் அந்த வேலையின் பெரும்பகுதியை விகுதிகளும் எச்சங்களும் பார்த்துக்கொள்கின்றன. உம், ஓ, ஆல், ஆலும் எல்லாம் முன்னால் வரும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டுதான் வாழ்கின்றன. நம் இலக்கணம் ‘உம்’ போன்றவற்றை இடைச்சொல் என்று தனிவகையாக வைத்து, அவை தாமாகத் தனித்து நடக்கமாட்டா என்றும் சொல்லிவிட்டது. ஆங்கிலத்திலோ ‘பிகாஸ்’ ஒரு முழுச் சொல். அது தான் இணைக்கும் பகுதியின் தலையில் போய் உட்காரும். வாலில் முடிச்சுப் போட்டுப் பழகிய கைக்குத் தலையில் முடிச்சுப் போடச் சொன்னால் கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.

பாடநூல்கள் இணைப்புச் சொற்களை மூன்றாகப் பிரிக்கின்றன. சம தகுதியுள்ளவற்றை இணைப்பவை கோஆர்டினேட்டிங். ஒன்றை மற்றொன்றுக்குக் கீழே வைப்பவை சபார்டினேட்டிங். இரண்டிரண்டாக வருபவை கோரிலேட்டிவ். பட்டியலை மனப்பாடம் செய்துவிட்டு இந்தப் பெயர்களை மறந்துபோகிறவர்களே அதிகம். நான் பெயர்களை விட்டுவிட்டு ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்வேன்: இணைக்கப்படும் இரண்டும் அண்ணன் தம்பியா, முதலாளி தொழிலாளியா? மூன்றாம் வகை உண்மையில் முதல் வகையின் இரட்டை வடிவம்தான். ஆக, அடிப்படையில் இரண்டே உறவுகள்.

சம உறவில் மையமாக நிற்பவை அண்ட், ஆர், பட் ஆகிய மூன்றும். இவற்றோடு ஃபார், நார், யெட், ஸோ என்று நான்கைச் சேர்த்து, ஏழின் முதலெழுத்துகளையும் கோத்து ‘ஃபேன்பாய்ஸ்’ என்று ஒரு நினைவுச் சொல்லை ஆங்கில ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். நினைவில் வைக்க நல்ல சொல்தான். ஆனால் அந்த ஏழு பேரும் ஒரே சாதி என்று நம்பிவிடக் கூடாது. ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ‘அண்ட் யெட்’, ‘அண்ட் ஸோ’ என்று ஆங்கிலத்தில் தாராளமாக எழுதுகிறார்கள். ‘அண்ட் பட்’ என்று யாரும் எழுதுவதில்லை. இணைப்புச் சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு அசல் இணைப்புச் சொல் உட்காராது. பக்கத்தில் உட்கார முடிகிற யெட், ஸோ இரண்டும் பாதி வினையடையாகவே இருக்கின்றன. ‘ஃபார்’ வேறு தினுசு. காரணம் சொல்ல வரும் இந்தச் சொல் பழைய நடையிலும் இலக்கிய நடையிலும் வாழ்கிறதே தவிர, அன்றாடப் பேச்சில் அநேகமாகக் காணப்படுவதில்லை. அலுவலகக் கடிதத்தில் அதைக் காரணப் பொருளில் எழுதினால் இருநூறு ஆண்டு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது போல இருக்கும்.

‘நார்’ வந்தால் அதன் பின்னால் சொற்களின் வரிசை புரண்டுவிடும். ‘ஐ டோன்ட் நோ, நார் டூ ஐ கேர்’ என்பதில் ‘டூ’ எழுவாய்க்கு முன்னால் தாவி வந்திருப்பதைக் கவனியுங்கள். கேள்வி கேட்பது போன்ற அமைப்பு, ஆனால் கேள்வி இல்லை.

‘அண்ட்’, ‘பட்’ ஆகியவற்றில் வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது என்று ஒரு விதி பள்ளிகளில் உலவுகிறது. அதற்கு இலக்கண ஆதாரம் இல்லை. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் திறந்தால், கிட்டத்தட்ட எல்லா வசனங்களும் ‘அண்ட்’ என்றுதான் தொடங்குகின்றன. சிறுவர்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் ‘அண்ட்’ போட்டே ஆரம்பிப்பதைத் தடுக்க ஆசிரியர்கள் கண்டுபிடித்த வேலியாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போகும் வலிமை உண்டு. 2018-இல் அந்த நாட்டில் ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப் ஆக்ட்’ என்று ஒரு சட்டம் வந்தது. போதைப்பொருள் வழக்குகளில் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து சிலருக்கு அது விலக்கு அளித்தது. விலக்குப் பெற, குற்றவாளிக்கு முன்வரலாறு தொடர்பான மூன்று அம்சங்கள் இருக்கக் கூடாது. சட்டம் அவற்றை ‘ஏ, பி, அண்ட் சி’ என்று அடுக்கியிருந்தது. ஒருவருக்கு ஏ, பி இரண்டும் இருந்தன, சி இல்லை. மூன்றும் ஒருசேர இருந்தால்தானே தடை, என்னிடம் மூன்றும் சேர்ந்து இல்லையே என்றார் அவர். மூன்றில் ஒன்று இருந்தாலும் விலக்கு கிடையாது என்றது அரசுத் தரப்பு. 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் அரசின் பக்கம், மூவர் எதிர்ப்பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எலினா கேகன் எழுதினார், மாறுபட்ட தீர்ப்பை நீல் கோர்சச் எழுதினார். இரண்டு பொருளும் ஆங்கில இலக்கணப்படி சாத்தியம்தான். அதனால்தான் ஒன்பது பேரும் ஒரே பக்கம் சேரவில்லை.

இதே இடத்தில் தமிழ் என்ன செய்கிறது? ‘வீடும் நிலமும் இல்லாதவர்’ என்றால் இரண்டில் எதுவுமே இல்லாதவர். எதிர்மறையோடு வரும் ‘உம்’ ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறுத்துவிடும். ‘ஒருசேர இல்லாதவர்’ என்று சொல்ல வேண்டுமென்றால் ‘ஒருசேர’ என்று நாமே எழுதியாக வேண்டும். ஆங்கிலத்தில் இந்தத் தனித்தனி மறுப்பைச் செய்வது பெரும்பாலும் ‘அண்ட்’ இல்லை, ‘ஆர்’. ‘அவருக்குப் படிக்கவும் எழுதவும் தெரியாது’ என்பதை ஆங்கிலத்தில் ‘ஹி கேனாட் ரீட் ஆர் ரைட்’ என்றுதான் சொல்வார்கள். தமிழில் ‘உம்’ நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஆர்’ நிற்கிறது! எதிர்மறை வாக்கியம் எழுதும்போது இந்த ஓரிடத்தில் நின்று யோசித்தால் பாதிப் பிழைகள் நின்றுபோகும்.

வினைகளை அடுக்குவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. ‘ஹி கேம் அண்ட் ஸாட்’ என்பதில் இரண்டு முற்றுவினைகளை ‘அண்ட்’ கட்டுகிறது. இன்றைய தமிழில் ‘வந்தானும் உட்கார்ந்தானும்’ என்று சொல்ல முடியாது. ‘வந்து உட்கார்ந்தான்’ என்றுதான் வரும். ‘உம்’ பெயர்ச்சொற்களைக் கட்டும், முற்றுவினைகளைக் கட்டாது. இன்று அறிவிப்புகளில் பெருகிக் கிடக்கும் ‘மற்றும்’ என்ற சொல்லுக்கும் ‘அண்ட்’தான் காரணம். ஆங்கிலப் பட்டியலில் கடைசிப் பொருளுக்கு முன் நிற்கும் சொல்லைத் தமிழிலும் நிறுத்த வேண்டும் என்ற ஆசையில் கொண்டுவந்து நட்டது அது. எனக்கு அது பிடிப்பதில்லை. ‘உம்’ இருக்கும்போது கூலிக்கு ஆள் எதற்கு?

காற்புள்ளியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். இரண்டு முழு வாக்கியங்களை அண்ட், பட், ஸோ இணைத்தால், இணைப்புச் சொல்லுக்கு முன்னால் காற்புள்ளி போடுவது வழக்கம். வாக்கியங்கள் மிகவும் சிறியவையாக இருந்தால் விட்டுவிடலாம். காற்புள்ளியை மட்டும் போட்டுவிட்டு இணைப்புச் சொல்லை விட்டால் அது ஆங்கிலத்தில் பிழை. ‘மழை பெய்தது, நாங்கள் போகவில்லை’ என்று தமிழில் எழுதினால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். அதே வடிவத்தை ஆங்கிலத்தில் எழுதினால் திருத்துகிறவரின் பேனா அங்கே கட்டாயம் இறங்கும். பட்டியலின் கடைசி ‘ஆர்’, ‘அண்ட்’ ஆகியவற்றுக்கு முன் காற்புள்ளி வேண்டுமா என்பது பழைய சண்டை. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், கூடுதல் நேர ஊதியம் கிடையாத வேலைகளின் பட்டியலில் ஓர் ‘ஆர்’க்கு முன்னால் காற்புள்ளி இல்லாமல் போனது. ‘அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதிவது’ என்பது ஒரே வேலையா, பொதிவது ஒன்று விநியோகிப்பது இன்னொன்று என இரண்டு வேலைகளா என்ற குழப்பம் அதனால் எழுந்தது. பால் நிறுவனம் ஒன்றின் ஓட்டுநர்கள் விநியோகம்தான் செய்கிறார்கள், பொதிவதில்லை. ஆகவே ஒரே வேலை என்று கொண்டால் அவர்களுக்கு ஊதியம் உண்டு. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இரட்டையாக வருபவை தமிழருக்குச் சுலபம். ‘நானும் அவனும்’, ‘இன்றாவது நாளையாவது’ என்று இரு பக்கமும் குறி வைத்துப் பழகியவர்கள் நாம். போத்–அண்ட், ஐதர்–ஆர், நைதர்–நார், நாட் ஒன்லி–பட் ஆல்ஸோ என்பவை அதே மாதிரிதான். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இரு பாதிக்கும் பின்னால் வருபவை ஒரே வடிவில் இருக்க வேண்டும். முதல் பாதிக்குப் பின் வினை வந்தால் இரண்டாம் பாதிக்குப் பின்னும் வினை. முதலில் பெயர் என்றால் அங்கேயும் பெயர். ‘நைதர்–நார்’ எழுவாயாக வரும்போது வினை பக்கத்தில் இருப்பதோடு ஒத்துப்போவது வழக்கம். ‘நைதர் த டீச்சர் நார் த ஸ்டூடன்ட்ஸ் வேர் ரெடி’ என்பதில் ‘வேர்’ வருவது ‘ஸ்டூடன்ட்ஸ்’ பக்கத்தில் இருப்பதால். தேர்வுத் தாள் தயாரிப்பவர்களுக்கு மிகவும் பிடித்தது ‘நோ ஸூனர்’. அதன் ஜோடி ‘தேன்’, ‘வென்’ இல்லை. ஒப்பிடும் வடிவமான ‘ஸூனர்’ வந்தால் ‘தேன்’ கூடவே வரும் என்று நினைவில் வைத்தால் போதும். ‘ஹார்ட்லி’க்குத்தான் ‘வென்’.

இனி முதலாளி–தொழிலாளி உறவு. பிகாஸ், ஆல்தோ, இஃப், அன்லெஸ், வென், வைல், அன்டில், ஸின்ஸ், தட் என்று நீளும் இந்த வரிசையில்தான் விஷயம் அதிகம், பிழையும் அதிகம். இவற்றை அடையாளம் காண ஒரு வழி உண்டு. இணைப்புச் சொல்லோடு அந்தப் பகுதியை அப்படியே தூக்கி வாக்கியத்தின் முன்னால் வையுங்கள். ‘வீ ஸ்டேய்டு பிகாஸ் இட் ரெய்ன்டு’ என்பதை ‘பிகாஸ் இட் ரெய்ன்டு, வீ ஸ்டேய்டு’ என்று மாற்றலாம். ‘பட் இட் ரெய்ன்டு, வீ வென்ட்’ என்று மாற்ற முடியாது. நகர்கிறது என்றால் சார்ந்து நிற்கிறது, நகரவில்லை என்றால் சமம்.

இப்படி முன்னால் நகர்த்தியதும் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ‘மழை பெய்ததால் நாங்கள் தங்கிவிட்டோம்’ என்ற தமிழ் வாக்கியத்தில் இணைப்பு ‘ஆல்’. அது இரண்டு பகுதிகளும் சந்திக்கும் தையலிலேயே நிற்கிறது. ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ வாக்கியத்தின் தலைக்குப் போய்விட்டது. தையல் இருக்கும் இடத்தில் வெறும் காற்புள்ளிதான் மிச்சம். தமிழ்க் காதுக்கு அந்த இடம் காலியாகத் தெரிகிறது. அங்கே எதையாவது போட்டு நிரப்பக் கை துடிக்கிறது. ‘பிகாஸ் இட் ரெய்ன்டு, ஸோ வீ ஸ்டேய்டு’ என்றும் ‘தோ ஹி இஸ் புவர், பட் ஹி இஸ் ஆனஸ்ட்’ என்றும் எழுதிவிடுகிறோம். பள்ளி நாட்களில் என் கட்டுரை நோட்டில் அந்த ‘பட்’டைச் சுற்றி எத்தனையோ சிவப்பு வட்டங்கள் விழுந்திருக்கின்றன. ஒரு தையலுக்கு ஒரு முடிச்சு போதும் என்று யாரும் சொல்லவில்லை, தவறு என்று மட்டும் சொன்னார்கள். சீன மொழியில் இரண்டு முடிச்சும் சேர்ந்து வருவது இயல்பு, அங்கே அது பிழையே இல்லை. ஆகவே இது அறிவுக்குறைவின் அடையாளமும் இல்லை, ஒவ்வொரு மொழியும் வைத்திருக்கும் கணக்கு. ‘தோ’வுடன் ‘யெட்’ வரலாம் என்று பழைய இலக்கணங்கள் அனுமதித்ததற்கும் காரணம் மேலே பார்த்ததுதான்: ‘யெட்’ பாதி வினையடை.

‘அன்லெஸ்’ இன்னொரு கண்ணி. ‘நீ வராவிட்டால் நான் போகமாட்டேன்’ என்பதில் ‘வரா’ என்ற எதிர்மறை கண்ணுக்குத் தெரிகிறது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது ‘அன்லெஸ் யூ டோன்ட் கம்’ என்று எழுதிவிடுகிறோம். ‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘விட்டால்’ மட்டுமல்ல, ‘இல்லை’யும் அடைந்து கிடக்கிறது. இன்னொரு ‘நாட்’ போட்டால் பொருள் தலைகீழாகிவிடும், நீ வந்தால் போகமாட்டேன் என்றாகிவிடும். ‘அன்டில்’ விஷயமும் அப்படியே. ‘அவர் வராத வரை காத்திரு’ என்ற பேச்சு வழக்கை மனதில் வைத்துக்கொண்டு ‘அன்டில் ஹி டஸ் நாட் கம்’ என்று எழுதக் கூடாது. ‘அன்டில் ஹி கம்ஸ்’ போதும்.

அந்தக் ‘கம்ஸ்’ நிகழ்காலத்தில் இருப்பதைக் கவனித்தீர்களா? வரப்போவது நாளை. ஆனாலும் காலம், நிபந்தனை ஆகியவற்றைச் சொல்லும் சார்புப் பகுதியில் ஆங்கிலம் ‘வில்’லைப் போடுவதில்லை. ‘வென் ஹி வில் கம், ஐ வில் டெல் ஹிம்’ என்று நாம் எழுதுவதற்குத் தமிழே காரணம். ‘அவர் வரும்போது சொல்கிறேன்’ என்பதில் ‘வரும்’ எதிர்காலப் பெயரெச்சம். வேடிக்கை என்னவென்றால், ‘வந்தால்’, ‘வந்தவுடன்’, ‘வந்த பிறகு’ எல்லாவற்றிலும் இருப்பது இறந்தகால வடிவம். இனிமேல் நடக்கப்போவதை நடந்து முடிந்தது போல நாமும்தான் சொல்கிறோம். அப்படி இருக்க, ஆங்கிலம் நிகழ்காலத்தைப் போடுவது நமக்கு ஏன் விசித்திரமாகத் தெரிய வேண்டும்?

‘ஆல்’ என்ற ஒரே விகுதி ‘மழையால்’ என்று பெயரோடும் ஒட்டும், ‘மழை பெய்ததால்’ என்று வினை சேர்ந்த தொடரோடும் ஒட்டும். ஆங்கிலம் இங்கே இரண்டு கதவுகள் வைத்திருக்கிறது. எழுவாயும் வினையும் உள்ள பகுதி என்றால் ‘பிகாஸ்’, வெறும் பெயர் என்றால் ‘பிகாஸ் ஆஃப்’. ‘ஆல்தோ’வுக்கும் ‘இன் ஸ்பைட் ஆஃப்’புக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. ஆனால் ஆஃப்டர், பிஃபோர், ஸின்ஸ், அன்டில் ஆகியவை இரு கதவாலும் நுழையும். பெயரையும் ஏற்கும், முழுப் பகுதியையும் ஏற்கும். இந்த இரட்டை வேடத்தைப் பார்த்துத்தான் 2002-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட பெரிய ஆங்கில இலக்கணம், பள்ளிகள் சார்பு இணைப்புச் சொல் என்று அழைப்பவற்றில் பெரும்பாலானவற்றை ‘ப்ரெபொஸிஷன்’ எனப்படும் முன்னிடைச்சொல் வகைக்கே மாற்றிவிட்டது. வகைப்பாடு கல்லில் வெட்டியது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். தேர்வு எழுதுகிறவர்கள் பழைய மூன்று வகைகளையே எழுதுவது நல்லது.

‘பிகாஸ்’ பிறந்ததே ஒரு முன்னிடைச்சொல்லும் ‘காஸ்’ என்ற பெயரும் ஒட்டித்தான். ‘காரணத்தால்’ என்பது போன்ற சேர்க்கை அது. சில ஆண்டுகளுக்கு முன் இணையத்தில் ‘ஆஃப்’ இல்லாமலே ‘பிகாஸ் ஸயன்ஸ்’ என்று விளையாட்டாக எழுதத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கிளைவழக்குக் கழகம் அதைப் பார்த்து 2013-ஆம் ஆண்டின் சொல்லாக ‘பிகாஸ்’ஸைத் தேர்ந்தெடுத்தது. நகைச்சுவைக்கு அது சரி, விண்ணப்பக் கடிதத்துக்கு ஆகாது.

‘ஸின்ஸ்’, ‘வைல்’, ‘ஆஸ்’ மூன்றும் இரட்டை நாக்குக்காரர்கள். ‘ஸின்ஸ்’ காலத்தையும் சொல்லும், காரணத்தையும் சொல்லும். ‘அவர் போனதிலிருந்து’ என்பதா ‘அவர் போய்விட்டதால்’ என்பதா என்று படிப்பவர் தயங்கும் இடத்தில் ‘பிகாஸ்’ஸை எழுதிவிடுவது மேல். ‘வைல்’ என்ற சொல்லின் பழைய பொருள் ஒரு காலப்பொழுது. ‘அதே நேரத்தில்’ என்ற பொருளிலிருந்து ‘ஆனால் அவரோ’ என்ற மாறுபாட்டுப் பொருளுக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. தமிழிலும் ‘அதே சமயம்’ இரண்டு வேலையும் செய்வதை நினைத்துப் பார்க்கலாம்.

ஹவெவர், தேர்ஃபோர், மோரோவர் ஆகியவை இணைப்புச் சொற்களின் உடையில் வரும் வினையடைகள். இவற்றால் இரண்டு வாக்கியங்களைப் பொருளளவில் தொடர்புபடுத்த முடியுமே தவிர, கட்டிப்போட முடியாது. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ‘இட் ரெய்ன்டு, ஹவெவர் வீ வென்ட்’ என்று காற்புள்ளியோடு ஓடுவது மிகவும் பரவலான பிழை. சந்தேகம் வந்தால் சொல்லை வாக்கியத்தின் நடுவே தள்ளிப் பாருங்கள். ‘வீ, ஹவெவர், வென்ட்’ என்றால் ஒலிக்கிறது. ‘வீ, பட், வென்ட்’ என்றால் ஒலிக்காது.

கடைசியாக ஒரு வாக்கியம்: ‘ஐ டிட் நாட் ரிஸைன் பிகாஸ் ஐ வாஸ் ஆங்கிரி’. ராஜினாமா செய்தாரா, இல்லையா? கோபத்தில் இருந்தேன், அதனால் ராஜினாமா செய்யவில்லை என்றும் படிக்கலாம். ராஜினாமா செய்தேன், ஆனால் கோபம் காரணம் இல்லை என்றும் படிக்கலாம். ‘நாட்’டின் கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதே கேள்வி. ‘பிகாஸ்’ஸுக்கு முன் காற்புள்ளி வைத்தால் முதல் பொருள் உறுதியாகும், வைக்காவிட்டால் இரண்டும் திறந்தே கிடக்கும். ‘கோபத்தால் ராஜினாமா செய்யவில்லை’ என்ற தமிழுக்கும் இதே நோய் உண்டு. நமக்கு ஒரு மருந்து இருக்கிறது: ‘ராஜினாமா செய்தது கோபத்தால் அல்ல’ என்று மறுப்பைக் கோபத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடலாம். ஆங்கிலத்திலும் ‘ஐ ரிஸைன்டு, பட் நாட் பிகாஸ் ஐ வாஸ் ஆங்கிரி’ என்று ‘நாட்’டை நகர்த்தினால் தீர்ந்தது. அப்போது சம உறவின் ‘பட்’டும் சார்பு உறவின் ‘பிகாஸ்’ஸும் ஒரே வாக்கியத்தில், இடையே ஒரு ‘நாட்’டை வைத்துக்கொண்டு, அவரவர் வேலையைப் பார்ப்பது தெரியும்.